மழைக்கு ஒரு டயர்

மே மாசம் பாதி தாண்டிவிட்டால் எங்கள் இட்லிக்காரப் பாயோடு டயர் கடைக்குப் போக தாராவியில் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. போனால் அன்றைய பொழுது போச்சு. மழை இறங்குவதற்குள் சைக்கிளுக்கு டயர் மாற்றியாக வேண்டும், அதற்கு இருபது நாள் முன்பே அலைய ஆரம்பித்துவிடுவார். தொண்ணூறு அடி ரோட்டுக் கடை, மாட்டுங்கா லேபர் கேம்ப் கடை, கும்பார்வாடா முனையில் இருந்த கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்குவார். எல்லாக் கடையிலும் ஏதாவது ஒரு நொட்டை சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவார்.

நான் ஒருநாள் அதை நேரில் பார்த்தேன். அம்மா உளுந்து வாங்க அனுப்பியிருந்தாள். உளுந்துக் கடைக்கு எதிர்க்கடையில் அவர் டயர் பார்த்துக்கொண்டிருந்தார். பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

எடுத்ததும் டயரை மோந்து பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முறுக்கி ஓரத்தில் வெடிப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தார். அதற்கப்புறம்தான் பெரிய பரீட்சை. கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துவார். நகம் இறங்கவே இல்லையென்றால் அது கல்லு ரப்பர். வருஷக்கணக்கில் உழைக்கும், ஈரத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும். நகம் இறங்கின பள்ளம் அப்படியே நின்றுவிட்டால் குப்பை. இறங்கி, பள்ளம் நிதானமாக மேலே எழும்பி வரவேண்டும். அதுதான் மழைக்கு ஆகும். அப்படி ஒன்று அகப்பட்டாலும் உடனே வாங்கிவிட மாட்டார். கடைக்காரனிடம் ஒரு குவளை தண்ணீர் கேட்டுப் படிக்கல்லில் ஊற்றி, அதில் டயரைத் தேய்த்துப் பார்ப்பார். அன்றைக்கு ஏழாவது டயரைத் தேய்த்தபோது கடைக்கார சேட்டுக்குப் பொறுக்கவில்லை.

"டயர் லேனே ஆயா ஹை, யா லட்கி தேக்னே?" என்றான். டயர் வாங்க வந்தாயா, பெண் பார்க்க வந்தாயா என்று. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் கோபப்படவில்லை. "பொண்ணு பாக்குறதுன்னா அஞ்சு நிமிசத்துல முடிச்சிருவேன் சேட்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. டயரைக் கீழே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உளுந்துக்குப் பதில் கடலைப்பருப்பு வாங்கிக்கொண்டு போய் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அவர் கடையநல்லூர்ப் பக்கம். நாங்கள் நாங்குநேரிப் பக்கம். தாராவிக்கு வந்துவிட்டால் எல்லாரும் ஒரே ஊர்தான், பெண் கொடுக்கிற பேச்சு வருகிறவரைக்கும். அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா இறந்தபிறகு நானும் அம்மாவும் வீட்டில் இட்லி அவித்துக் கொடுத்தோம். அதைச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றவர் அவர். பின்னால் கேரியரில் பெரிய அலுமினிய அண்டா, ஹாண்டிலின் இரண்டு பக்கமும் சட்னித் தூக்கு, நடுவே அமுக்கினால் பாம் பாம் என்று கத்துகிற ரப்பர் ஹாரன். தாராவியில் இருந்து சயான் ஏறி இறங்கி, செம்பூர் தாண்டி, அணுசக்தி நகரில் ஆபீஸ் பஸ்ஸுக்கு நிற்கிற நம்ம ஊர் ஆட்களுக்கு விற்றுவிட்டுத் திரும்புவார். அந்த அண்டாவில்தான் எங்கள் ரெண்டு பேர் சாப்பாடும் போய் வந்துகொண்டிருந்தது. அதனால் மழைக்காலம் வந்தால் அவர் டயரைப் பற்றி அவரைவிட அம்மாவுக்குத்தான் கவலை.

டயர் மட்டும் என்றில்லை, அவருக்கு எதுவுமே லேசில் பிடிக்காது. டீ குடித்தால் இலை பழசு என்பார். புதுச் சட்டை போட்டால் காலர் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்பார். காலையில் அண்டாவை ஏற்றுமுன் மூடியைத் திறந்து ஒரு இட்லியை விரலால் அமுக்கிப் பார்ப்பார்.

"இன்னைக்கு உளுந்து கொஞ்சம் தூக்கல்" என்பார்.

"அப்போ நீங்களே ஆட்டிக்கிடுங்க" என்பேன் நான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். விடியுமுன்னே எழுந்து, கை மரத்துப்போக ஆட்டி அவித்து வைத்தால், வந்து நின்று நொட்டை சொன்னால் யாருக்குத்தான் வராது. ஆனால் அவர் போனபிறகு ஒன்றை வாயில் போட்டுப் பார்ப்பேன். பாவி மனுஷன் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் இருந்த எல்லாப் பெண்களையும் அவர் தங்கச்சி என்பார். எதிர்வீட்டுக்காரி தங்கச்சி, தண்ணி பிடிக்க வருகிறவள் தங்கச்சி, என் அம்மா மட்டும் அக்கா. என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார். "இந்தாங்க", "இங்க பாருங்க", அவ்வளவுதான். எனக்கு இருபத்திமூன்று வயசு. இதைக் கவனிக்காமல் இருப்பேனா? கவனித்தேன். கவனித்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. இந்த வயசில் அதைச் சொல்ல என்ன வெட்கம், அப்போதுதான் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் மே மாசம் நான் ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன். அவருக்கு நானே ஒரு டயர் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டேன். சைக்கிளைச் சந்தில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே சட்னித் தூக்கு எடுக்க வந்தபோது, டயர் ஓரத்தில் அச்சடித்திருந்த நம்பரைக் காலண்டர் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியாமல் தாதருக்குப் போனேன். நம்ம ஆள் கால் வைக்காத கடையாக இருக்கவேண்டும், இல்லையா.

கடைக்காரன் ஒரு டயரை எடுத்துப் போட்டான். நம்பர் அதேதான், ஆனால் ஆள் வேற மாதிரி. டயரின் மேலே இருக்கிற முண்டுகளைப் பட்டன் என்பார்கள். இதில் ஒவ்வொரு பட்டனும் சோழிப் பருமன். "பஹாட் பர் பீ சலேகா" என்றான். மலையிலேகூட ஓடுமாம். மலையில் ஓடுவது சயானில் ஓடாதா என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நகத்தை அழுத்திப் பார்த்தேன். இறங்கின மாதிரியும் இருந்தது, இறங்காத மாதிரியும் இருந்தது. நகம் எனக்குத்தான் ஒடிந்தது.

மறுநாள் காலை அம்மா தண்ணிக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொடுத்தேன். "மழைக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வழக்கம்போலக் கட்டைவிரல் ரப்பருக்குப் போனது. போய் நின்றுவிட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

"நல்லாருக்கு" என்றார்.

அவர் வாயில் இருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அன்றைக்கே முன்சக்கரத்தில் மாட்டிவிட்டார். நாலு நாளைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஜூனில் மழை இறங்கிய மூன்றாம் நாள், சயானில் திரும்புகிற இடத்தில் விழுந்தார். அண்டா கவிழ்ந்து இட்லி மொத்தமும் ரோட்டுத் தண்ணீரில் மிதந்து போனதாம். முழங்கையில் தோல் உரிந்து, நசுங்கின அண்டாவைத் தூக்கிக்கொண்டு பத்து மணிக்குத் திரும்பி வந்தார். அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன பாய், டயர் வழுக்கிருச்சா?"

"டயர் ஒண்ணும் செய்யல அக்கா. ரோட்டுல எண்ணெய் கிடந்துது. நான் பாக்கல."

என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் நம்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து டயர் கடைச் சேட்தான் உளுந்துக்கடை வாசலில் என்னிடம் சொன்னான். இவ்வளவு பெரிய பட்டன் மண் பாதைக்கு லாயக்கு, சேற்றைக் கவ்விப் பிடிக்கும். தார் ரோட்டில் தண்ணீர் நின்றால் பட்டன் முனை மட்டும்தான் தரையைத் தொடும், சறுக்கிவிடும். "உன் பாய்க்கு இது தெரியாதா? சின்னப்பிள்ளைக்கும் தெரியும். யார் பேச்சைக் கேட்டு மாட்டினானோ" என்றான். 

அன்றைக்குச் சாயங்காலம் பாத்திரம் வைக்க வந்தவரிடம், "அந்த டயரைக் கழட்டிப் போட்ருங்க பாய், எனக்குத் தெரியாமப் போச்சு" என்றேன்.

"பழகிருச்சு" என்றார்.

"இன்னொரு தடவை விழுந்தா?"

"வளைவு வந்தா இறங்கிக்கிடுதேன்."

அப்படியே செய்தார். அந்த மழைக்காலம் முழுக்க, வளைவு வந்தால் இறங்கி, உருட்டிக்கொண்டு போய், நேர் ரோடு வந்ததும் ஏறினார். அணுசக்தி நகருக்கு அரைமணி பிந்தித்தான் போய்ச் சேர்வார். பாதி ஆட்கள் பஸ் ஏறிப் போயிருப்பார்கள், மீந்த இட்லி திரும்பி வரும். அம்மா புலம்புவாள். மற்ற சைக்கிள்காரர்கள் கேலி செய்வார்கள், பாய் சைக்கிளுக்கு நடை பழக்குகிறார் என்று. அவர் கழட்டவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். அக்டோபரில் மழை நின்றது. இனி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் சொல்லவில்லை. தை மாசம் முலுண்டில் இருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

அம்மாவுக்குத் தூரத்து உறவு. மாப்பிள்ளைக்கு விக்ரோலியில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை. வீட்டில் அவரும் அவர் அம்மாவும் மட்டும். ஊரில் என்றால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நாலு வாய் இருக்கும். பம்பாயில் நாமே ஆள் அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் ஆம்பிளை இல்லாத அம்மா யாரை அனுப்புவாள்? எங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே எதிலும் ஏமாறாத ஒரே ஆள் அவர்தான்.

"பாய், உங்க கண்ணுக்குத் தப்பாது. நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா நான் கண்ணை மூடிட்டுக் கொடுத்துருவேன்" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அண்டாவின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "விலாசம் எழுதிக் குடுங்க" என்றார்.

விலாசத்தை எழுதியது நான்தான். அம்மாவுக்கு எழுத வராது. வெளியே சைக்கிளுக்குப் பக்கத்தில் போய்க் கொடுத்தேன். அப்போது சொன்னேன், "நல்லாப் பாத்துட்டு வாங்க பாய். குறை இருந்தா மறைக்காதிய."

"நான் என்னைக்கு மறைச்சிருக்கேன்" என்றார்.

"சின்னக் குறைன்னாலும் சொல்லணும். காலர் ஏறியிருந்தாக்கூட."

இதற்கு மேல் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? அவருக்குப் புரிந்தது என்று அவர் கண்ணைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் நிம்மதியாக உள்ளே வந்தேன். சாமியைக்கூட நான் அவ்வளவு நம்பினதில்லை. ஒரு டயரில் ஒன்பது குறை கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு மனுஷனிடம் ஒன்று கிடைக்காதா? மாப்பிள்ளை குடிக்கிறார் என்று சொல்ல வேண்டாம், அது பாவம். மாமியார் வாய் ஜாஸ்தி என்றால் போதும். வீடு ஸ்டேஷனில் இருந்து தூரம் என்றால் போதும். அம்மா வேண்டாம் என்றுவிடுவாள்.

மூன்று நாள் தினமும் வியாபாரம் முடிந்ததும் நேரே அந்தப் பக்கம் போனார். நாலாம் நாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தாள். டீயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. 

"ஃபாக்டரி கேட்டுல நின்னு பாத்தேன் அக்கா. சங்கு ஊதினதும் எல்லாரும் அடிச்சுப் புடிச்சு ஓடி வாரான். இவரு கூட்டம் கலையட்டும்னு நின்னு வாராரு. டீக்கடையில கேட்டேன், கடன் சொல்லி டீ குடிச்சதில்லையாம். அவிய குடியிருக்குத சால்ல பொதுக்குழாய்த் தண்ணிக்கு வார பொம்பளையள்ட்ட பேசிப் பாத்தேன். அவரு அம்மா சண்டை போட்டு யாரும் பாத்ததில்லையாம். ட்ரெயின்ல கூடவே ஏறிப் போனேன். ஒரு கிழவிக்கு எந்திரிச்சு இடம் குடுத்தாரு. அவருக்கு என்னைத் தெரியாது, நமக்காகச் செஞ்சதில்ல."

"குறைன்னு ஏதும்?" என்றாள் அம்மா.

"இல்லக்கா."

நான் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் நின்றேன். பேசக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பேசிவிட்டேன். "ஒண்ணுகூடவா இல்ல?"

"ஏட்டி, நீ சும்மா இரு" என்றாள் அம்மா.

அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இருந்தாத்தான சொல்லுததுக்கு."

அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. கோழை, கல் நெஞ்சன், இன்னும் என்னவெல்லாமோ மனசுக்குள் திட்டினேன். சித்திரையில் கல்யாணம். வந்தார், மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசத்தில் சர்க்கரை கூடிப்போச்சு என்று பரிமாறினவனிடம் சொன்னாராம். நான் முலுண்டுக்கு வந்தபிறகு அம்மா இட்லி போடுவதை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்துகொண்டாள். அவர் குவைத்துக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். ஊரோடு போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. எண்பதுகளோடு அவர் கதை எனக்கு முடிந்துவிட்டது.

பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போகிற காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இது முற்றல், இது சொத்தை என்று நான் ஒதுக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்க யாருகிட்டப் படிச்ச நீ?" என்றார். எங்களுக்கு இட்லி விற்றுத் தந்த ஒரு பாய் இருந்தார், அவரிடம் என்றேன்.

"யாரு, என்னைப் பத்தி விசாரிக்க சைக்கிள்ல வந்தாரே, அவரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியாமத்தான பாத்தார்."

"ரெண்டு நாள் அப்படித்தான் நின்னார். மூணாம் நாள் ஃபாக்டரி கேட்டுல நேரா என்கிட்டயே வந்துட்டார். பொண்ணு வீட்டுல இருந்து வாரேன், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னார். சம்பளம் எவ்வளவுன்னு கேப்பார்னு நெனச்சேன்."

"என்ன கேட்டார்?"

"'அந்தப் பிள்ளை பத்து வருசமா விடியுமுன்ன எந்திரிச்சு மாவாட்டுது. ஒருநாள் அசந்து தூங்கினது கிடையாது. உங்க வீட்டுல அது விடிஞ்சு எந்திரிச்சா யாரும் ஏதும் சொல்லுவியளா'ன்னு கேட்டார். எங்க வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ரொம்ப நேரம் விடல."

கல்யாணமான மறுநாள் பழக்கதோஷத்தில் இருட்டோடு எழுந்து உட்கார்ந்த என்னை, "படு, நீ எந்திரிக்கிறப்ப எந்திரி" என்று இவர் சொன்னது உண்மை. இன்றுவரை இந்த வீட்டில் என்னை யாரும் எழுப்பியதில்லை. கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது இவர் மிச்சக் காயை நறுக்கி வைத்திருந்தார். ஏன் அழுதாய் என்று கேட்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷன்.

ஆக, பாய் பார்த்துச் சொன்னது சரிதான். இத்தனை வருஷம் கூடவே இருந்து நானும் தேடிப் பார்த்துவிட்டேன், இவரிடம் குறை என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த வாசல்படியில் உட்கார்ந்து, பொய்யாகவாவது, ஒன்று சொல்லியிருக்கலாம்.